ராத்திரிக்கு எங்கன நிறுத்துவிய?

எந்த ஊரு? ஒத்தையிலயா வந்திருக்கிய? என்ன சோலி? ராத்திரிக்கு எங்கன நிறுத்துவிய?

நாலு வருஷமாக இந்த நாலு கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர் மாறுவார், வரிசை மாறாது. டீக்கடையில் கேட்பார்கள். படித்துறையில் கேட்பார்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே கேட்பார்கள். முதல் மூன்றுக்கும் பதில் கைவசம் இருக்கிறது: பாளையங்கோட்டை, ஆமா ஒத்தையிலதான், புத்தக வேலை. நாலாவதற்குத்தான் பொழுது சாயும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

என் வீடு ஒரு ஆம்னி வேன். 2014 மாடல், இரண்டாம் கையாக வாங்கியது. 2019-இல் அந்த வண்டியின் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆனாலும் வள்ளியூரில் உதிரிப் பாகம் கிடைக்கும், திசையன்விளையில் கிடைக்கும். ஆம்னியைக் கழற்றி மாட்டத் தெரியாத மெக்கானிக் எங்கள் சீமையில் இல்லை. 796 சிசி இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. சித்திரை வெயிலில் ஓட்டினால் தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரிதான். பின்சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டில் போட முதலில் ஆசைப்பட்டேன். ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டிப் பயமுறுத்தினார் அத்தான். அதனால் சீட்டை மடக்கி மேலே பலகை போட்டு, பலகைமேல் ஒரு பத்தமடைப் பாய். மெத்தையைவிட அதுதான் நல்லது. கோரை உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காது.

கொரோனாவுக்குப் பிறகு சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்தேன். அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பதிப்பகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும் என் தொழில். மடிக்கணினியும் சிக்னலும் இருந்தால் எங்கே உட்கார்ந்தும் செய்யலாம் என்பது பொதுமுடக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. லடாக், இமயமலை என்றெல்லாம் எனக்கு ஆசை இல்லை. பிறந்த சீமையைச் சுற்றினால் போதும் என்றிருந்தது. திருநெல்வேலி, 1986-இல் பிரிந்துபோன தூத்துக்குடி, 2019-இல் பிரிந்துபோன தென்காசி, மூன்றும் சேர்ந்ததுதான் என் அப்பா காலத்துத் திருநெல்வேலி ஜில்லா. அந்த எல்லையைத் தாண்டி வண்டியைக் கொண்டுபோனது இரண்டே முறை. இதைச் சொன்னால் ஊர் சுற்றி என்கிற மரியாதை போய்விடுகிறது. “அப்ப நீ டவுன் பஸ்ஸு சித்தி” என்றான் அக்கா மகன்.

நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். வீடு இல்லையென்றால் கேள்வி கேட்க ஆளும் இருக்காது. வீட்டுக்காரர், அக்கம்பக்கம், மாடிவீட்டு மாமி, வாட்ச்மேன், ஒருவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, யாருக்கும் தெரியாத ஆளாக இருந்துவிட்டுப் போகலாம். இந்த நினைப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

முதலில் மின்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வரும் மின்னஞ்சலில் பாதி அதைப் பற்றித்தான். கூரையில் 160 வாட் சூரியத் தகடு ஒன்று. சீட்டுக்கு அடியில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, கணக்குப்படி 1280 வாட்-மணி. மடிக்கணினி 50, 60 வாட் குடிக்கும். எட்டு மணி நேர வேலைக்குச் சுமார் 450 வாட்-மணி. சின்ன மின்விசிறி, போன், விளக்கு எல்லாம் சேர்த்து 600-க்குள் அடங்கும். நல்ல வெயிலில் தகடு அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடும். எங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம் என்பீர்கள். பஞ்சம் வரும் மாதம் எனக்கு வாய்த்திருப்பதைப் பாருங்கள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில். அதற்கான புத்தகங்கள் எல்லாம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் என் தலையில் வந்து விழும். வடகிழக்குப் பருவமழையும் சரியாக அதே மூன்று மாதம்தான். மூட்டம் போட்டால் தகட்டிலிருந்து கால்வாசிகூடத் தேறாது. வருஷம் முழுக்க ஈ ஓட்டும்போது மின்சாரம் பொங்கி வழியும். மூச்சு விட நேரமில்லாதபோது பேட்டரி சிவப்பு காட்டும். அதனால் அந்த மூன்று மாதமும் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துக்கொள்கிறேன். “முழுநேரப் பயணி”யின் லட்சணம் இதுதான்.

அடுத்தது எழுதக் கூச்சமான விஷயம். எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஆண்களுக்கு மட்டும்தான் பயன்படும். முதல் மூன்று மாதம் கழிப்பறைக்குப் பயந்து நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். நீர்க்கடுப்பு வந்து, ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது ஒழுங்கு வேறு. காலையில் பெட்ரோல் பங்க் அல்லது பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறை. ராத்திரிக்கு வண்டிக்குள்ளேயே மூடி போட்ட வாளியும் மரத்தூளும். எந்த பங்கில் கழிப்பறையைக் கழுவுகிறார்கள், எதில் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்பார்கள் என்று நான்குவழிச் சாலைக்கு மனசுக்குள் ஒரு வரைபடமே வைத்திருக்கிறேன்.

குளியலுக்குக் கவலை இல்லை, தாமிரபரணி இருக்கிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரைக்கும் இந்தச் சீமைக்குள்ளேயே ஓடுகிற ஆறு. கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருப்புடைமருதூர் என்று படித்துறைக்குப் படித்துறை தண்ணீரின் குளிர்ச்சி மாறும். மேலே போகப் போக எலும்பைப் பிடிக்கும். பாவாடையை மார்பளவு கட்டிக்கொண்டு இறங்கினால் பக்கத்தில் துணி கும்முகிற மதினி ஆரம்பித்துவிடுவாள். எந்த ஊரு? ஒத்தையிலயா? முதுகுக்கு மஞ்சள் தேய்த்துவிட்டுக்கொண்டே ஒருத்தி என் கல்யாண வரலாறு முழுவதையும் பத்து நிமிஷத்தில் வாங்கிவிட்டாள். சென்னையில் பதினோரு வருஷம் எதிர்வீட்டில் இருந்தவருக்கு அது தெரியாது.

சரி, ராத்திரிக்கு வருகிறேன்.

முதல் வருஷம் நான் செய்த தவறு, அழகான இடமாகப் பார்த்து நிறுத்தியது. குளத்துக்கரை, ஆலமரம், நட்சத்திரம். பதினொரு மணிக்கு டார்ச் வெளிச்சம் கண்ணாடியில் விழும். மீன்பாசி குத்தகைக்கு எடுத்தவரின் காவலாள். குளத்தில் வலை போட வந்த கும்பல் என்று நினைத்திருப்பார். ஆற்றோரம் நிறுத்தினால் மணலுக்கு ஆள் விட்டிருக்கிறார்கள் என்ற சந்தேகம். ஊர்ப் பொட்டலில் நிறுத்தினால் விடியும் முன்னால் ஊரே வந்து சுற்றி நிற்கும். போதாக்குறைக்கு ஆம்னிக்கு என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. சினிமாவில் ஆள் கடத்தவும் கிராமத்தில் ஆடு கடத்தவும் அதுதான் வண்டி. இரண்டு தடவை ரோந்து போலீஸ்காரர்கள் எழுப்பினார்கள். ஒருவர் மரியாதையாக, “இங்க வேண்டாம்மா, பங்குல போய் நிறுத்திக்கிடுங்க” என்றார். பங்கில் வெளிச்சம் உண்டு, கேமரா உண்டு. கூடவே இருபது லாரியின் இன்ஜின் சத்தமும் உண்டு.

கேள்விகள் நாலு என்று தொடக்கத்தில் சொன்னேன். உண்மையில் ஐந்தாவது ஒன்று இருக்கிறது, அதை நேராகக் கேட்க மாட்டார்கள். பாளையங்கோட்டை என்றால், “பாளையங்கோட்டையில எங்கன?” தெருப் பெயரைச் சொன்னால், “அப்பா என்ன செஞ்சாவ?” அதற்கும் பிடி கொடுக்காவிட்டால், “ஒங்களுக்கு சாஸ்தா எது?” எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்தன்று எந்த மூலையில் இருந்தாலும் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள், எந்தக் கோயில் என்று தெரிந்தால் மற்றதை ஊகித்துக்கொள்வார்கள். சிரித்த முகத்தோடுதான் கேட்பார்கள், டீயும் வாங்கிக் கொடுத்தபடி கேட்பார்கள். மின்கம்பத்தில் என்ன வர்ணம் அடித்திருக்கிறது என்று பார்த்துத்தான் சில ஊர்களுக்குள் வண்டியைத் திருப்ப வேண்டியிருக்கிறது. இரண்டு ஊரில் நான் பொய் சொன்னேன். மூன்றாவது ஊரில் பதிலே சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு இடம் கொடுத்த ஊர்கள் எல்லாம் வருகிறவர் எல்லாருக்கும் அதே இடத்தைக் கொடுக்கும் என்று நான் எழுதினால் அது புளுகு. பயணக் கட்டுரைகளில் “அன்பான கிராமத்து மக்கள்” என்று வரும் இடத்தில் எல்லாம் இப்போது எனக்குக் கை நின்றுவிடுகிறது, யாருக்கு அன்பு என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த முதல் வருஷத்துப் பங்குனியில்தான் கீதாரி, ஊர் ஊராக ஆட்டு மந்தை ஓட்டுகிறவர், என்னைப் பிடித்தார். பிடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்தமடைக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசான நெல் அறுத்து முடித்த வயல்கள். வண்டிப்பாதையில் ஓரமாக நிறுத்தி, அவசரமாக ஒரு மெய்ப்பை முடித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி பத்து மணி இருக்கும். திடீரென்று இரண்டு நாய்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றிக் குலைத்தன. பின்னாலேயே கம்போடு இரண்டு பேர், அப்பாவும் மகனும். நூறு அடி தள்ளி வலைக்குள் முந்நூறு ஆடு படுத்திருந்தது எனக்குத் தெரியாது.

“யாருத்தா அது? கதவத் தெற.”

திறந்தேன். மடியில் கணினி, திரையில் புத்தகப் பக்கம், பக்கத்தில் எவர்சில்வர் தூக்கில் மிச்சக் கூட்டாஞ்சோறு. ஆடு கடத்தும் வண்டிக்குள் இப்படி ஒரு காட்சியை அவர் எதிர்பார்க்கவில்லை. என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

“எழுத்துப் பிழ பாக்குறீகளா? அதுக்கு எதுக்கு வயக்காட்டுக்கு வந்தீக?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

அவர்கள் சிவகங்கைப் பக்கம். அறுவடை முடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து, வயல்காரர் சொல்கிற வயலில் கிடை போடுவார்கள். ராத்திரி முழுக்க ஆடு அங்கே அடைந்து கிடக்கும். அதன் புழுக்கையும் மூத்திரமும்தான் அடுத்த பயிருக்கு உரம். மறுநாள் வலையைப் பிடுங்கிப் பக்கத்துத் துண்டில் அடிப்பார்கள். பிறந்து சில நாளே ஆன குட்டிகளை ஓலைக் கூட்டுக்குள் கவிழ்த்து வைத்திருப்பார்கள். இத்தனை ஆட்டுக்கு, இத்தனை ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி. முன்பு நெல்லாக அளந்தார்கள், இப்போது பணம். மாதக் கணக்கில் ஊருக்குப் போக மாட்டார்கள். நான் ஆம்னியில் ஏறுவதற்குச் சில தலைமுறைக்கு முன்பே சாலையில் வாழ்ந்து, சாலையிலேயே வேலையும் பார்க்கிறவர்கள். அவர்களைப் போய் யாரும் முழுநேரப் பயணி என்று கூப்பிடுவதில்லை.

அவர்களுடைய பெரிய பிரச்சினை போன் சார்ஜ். மூன்று போன், மூன்றுக்கும் டீக்கடைதான் கதி. அன்றைக்கு மூன்றையும் வாங்கி என் பேட்டரியில் சொருகினேன். காலையில் கறுப்புக் காப்பி கொடுத்தார்கள், கருப்பட்டி போட்டது. அப்போதுதான் கேட்டேன், எப்படி இவ்வளவு தூரம் வந்து ஒவ்வொரு ஊரிலும் இடம் வாங்குகிறீர்கள் என்று. இடம் எங்கே வாங்குகிறோம், வாடிக்கைதானே என்றார். இந்த வயல்காரரின் அப்பா காலத்தில் தன் அப்பா கிடை போட்ட அதே வயல். வயல்காரர் இறந்துபோனால் மகன் போன் போட்டு எப்போது வருகிறீர்கள் என்று கேட்கிறார். ஒரு வருஷம் ஆடு குறைவாக இருந்தாலும் தலையைக் காட்டிவிட்டுப் போவாராம்.

“நீ ஊருக்கு ஒரு நா நிக்கிற. அதான் ஒன்ன யாருக்கும் தெரியல. வருசத்துக்கு ஒருக்கா வந்தாலும் அதே எடத்துக்கு வா, அதே மாசத்துல வா.”

எட்டு மணிக்கு வயல்கார அண்ணாச்சி மொபெட்டில் வந்தார். வண்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. கீதாரி தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே, “நமக்குத் தெரிஞ்ச பிள்ளதான், பாளையங்கோட்ட” என்றார். அண்ணாச்சி அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அப்படின்னா மோட்டார் ரூம் பக்கம் நிறுத்துங்க, அங்கன தண்ணி கெடக்கு” என்று கையைக் காட்டினார். அங்கிருந்து பாளையங்கோட்டை இருபது கிலோமீட்டர். நான் பிறந்த மண். எனக்கு அங்கே ஜாமீன் சொன்னது எங்கேயோ சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மனுஷர், அதுவும் என்னைத் தெரிந்து பத்து மணி நேரம் ஆனவர்.

அதற்குப் பிறகு சுற்றும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். புது இடம் தேடுவதை விட்டேன். பன்னிரண்டு மாதத்துக்கு ஏழு இடம், ஒவ்வொன்றுக்கும் தெரிந்த ஆள் ஒருவர்.

தை, மாசியில் கூந்தன்குளம். புத்தகக் காட்சி முடிந்த அலுப்புக்கு அதுதான் மருந்து. 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் பறவைகள் அரசாணையைப் படித்துவிட்டு வரவில்லை. ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டும். எச்சம் வாசல் முழுக்க வெள்ளையாகக் கிடக்கும், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகள்களை விரட்டுவோமா என்று கேட்டாள் நான் வண்டி நிறுத்தும் வீட்டு ஆச்சி. இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் வரித்தலை வாத்துகளைக்கூட இந்த வருஷம் தாமதமாகிவிட்டது என்று சொந்தக்காரரைப் பேசுகிற மாதிரிதான் பேசுவாள்.

பங்குனியில் கிடை. சித்திரை, வைகாசியில் தேரிக்காடு. அந்த வெயிலில் செம்மண் தேரிக்குப் போகிறவளுக்குப் புத்தி சரியில்லை என்பார்கள். மத்தியானத்துக்குமேல் கடல்காற்று ஏறும், பதநீரும் அப்போதுதான் உச்சம். விடிலி என்கிற பனையோலைக் குடிசைக்குள் அக்கா ஒருத்தி பதநீர் காய்ச்சிக்கொண்டிருப்பாள். நான் வெளியே உடைமர நிழலில் ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருப்பேன். பதம் வரும் நேரம் என்னைக் கூப்பிட்டு, கொதிக்கிற பாகில் ஒரு விள்ளல் எடுத்துத் தண்ணீரில் போட்டு உருட்டிக் காட்டுவாள். பாகு அடுப்பில் இருக்கும்போது அவளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. எனக்கும் கடைசிப் படிப் பிழைத்திருத்தத்தின்போது அப்படித்தான், அதனால் எங்களுக்குள் ஒத்துப்போகிறது.

அந்தப் பக்கம் போகும்போது இடையன்குடி வழியாகத்தான் போவேன். கால்டுவெல் 1841-இல் சென்னையிலிருந்து பெரும்பகுதி நடந்தே இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். வழியில் பார்த்தவர்களிடம் பேசிப் பேசிப் பாஷை பழகியவர், ஏறக்குறைய ஐம்பது வருஷத்தை இந்த மணல்காட்டோடு கழித்தார். கட்டிய கோயிலுக்குள்ளேயே அடக்கமும் ஆனார். மதமும் மொழி ஆராய்ச்சியும் இருக்கட்டும், எனக்கு அந்த நடைதான் வியப்பு. தினம் பொழுது சாயும்போது அவரிடமும் அந்த நாலாவது கேள்வியைக் கேட்டிருப்பார்கள் அல்லவா? அவர் காலத்தில் வழிநெடுகச் சத்திரமாவது இருந்தது. ராணி மங்கம்மாள் போட்ட சாலை என்று இன்றும் பெயர் சொல்லும் பாதைகளில் கல்மண்டபங்கள் மிச்சம் இருக்கின்றன. தலைச்சுமையை ஆள் துணையில்லாமல் இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்லும் இருக்கிறது. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே செத்துப்போன பெண்களின் நினைவாக நட்ட கற்கள் அவை. நான்குவழிச் சாலையில் உனக்குச் சுமையை இறக்க ஓர் இடம் வேண்டுமென்றால் காசு கொடுத்து டீ குடிக்க வேண்டும்.

ஆனி, ஆடியில் பண்பொழி. குற்றாலத்தில் சீசன் கூட்டத்தோடு வண்டி நிறுத்தும் கட்டணமும் ஏறிக்கிடக்கும். பண்பொழியில் அதே சாரல், அதே காற்று, காசில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் ராத்திரி வண்டி தொட்டில் மாதிரி ஆடும். ஆடி அமாவாசைக்கு அக்கா வீட்டாரோடு காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயில். ஆற்றங்கரைக் காட்டுக்குள் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டு, அடுப்பு மூட்டிப் பொங்கித் தின்று, ஒரு ஊரே திறந்தவெளியில் படுத்து எழுந்திருக்கும். முன்பு பத்து நாள்கூட இருப்பார்கள் என்று அக்காவின் மாமியார் சொல்வார். இப்போது புலிகள் காப்பகம் என்பதால் கட்டுப்பாடுகள் கூடிவிட்டன. அதை ஒரு தடவை பார்த்த பிறகு, வண்டியில் சமைத்துச் சாப்பிடுவதைப் பெருமையாகப் படம் எடுத்துப் போடுவதை நிறுத்திக்கொண்டேன்.

2023 டிசம்பர் 17-ஐ எழுதாமல் இந்தச் சீமையைப் பற்றி எழுத முடியாது. அப்போது வழக்கம்போல அக்கா வீட்டு வாசலில் இருந்தேன். இரண்டு புத்தகம், 20-ஆம் தேதி அச்சகத்துக்குப் போக வேண்டும். மழை நிற்கவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த மாவட்டத்தில் ஒரு வருஷத்துக்கே அவ்வளவு பெய்யாது. ஆறு குறுக்குத்துறை முருகன் கோயிலை மூடிக்கொண்டு ஓடியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு நின்றுபோனது; சுற்றிலும் வெள்ளம், தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போதும் அந்த ஜனத்துக்குச் சமைத்துப் போட்டார்கள்.

அக்கா வீடு மேட்டில் இருந்ததால் தப்பியது. மின்சாரம் போனது, சிக்னல் போனது. பேட்டரியில் முக்கால்வாசி இருந்தது. அதை மிச்சம் பிடித்து இரண்டு புத்தகத்தையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எதிர்வீட்டுப் பையன் குடையோடு வந்து நின்றான், கையில் செத்துப்போன போன். அவன் அப்பா ஸ்ரீவைகுண்டத்தில் வேலை. ஒரு போனை நிரப்பப் பதினைந்து வாட்-மணி போதும். அரை மணியில் தெருவே ஆம்னி முன்னால் வரிசையில் நின்றது. ஒரு நோட்டில் பேரும் நேரமும் எழுதி, அறுபதுக்கு மேற்பட்ட போன்களுக்குச் சார்ஜ் போட்டேன். சிக்னல் இல்லாத போனைச் சார்ஜ் செய்து என்ன பயன் என்று அத்தான் கேட்டார். ஒருவரும் கேட்டபாடில்லை, மொட்டைமாடிக்குப் போய்த் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டுப் பையனுக்கு மறுநாள் சாயங்காலம் அப்பாவின் குரல் கிடைத்தது. என் புத்தகங்களில் ஒன்று தாமதமாகப் போயிற்று, பதிப்பாளர் பொறுத்துக்கொண்டார். இன்னொருவர் பொறுக்கவில்லை. வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, செய்த பாதிக்கும் பணம் தரவில்லை. அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை.

தண்ணீர் வடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டினேன். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் அந்தப் பாலத்தை ஊரில் வசூல் பண்ணாமல் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார் அவர். திறந்தது 1843-இல். ஆறு அவ்வளவு ஆடிவிட்டுப் போன பிறகும் அதன்மேல் பஸ் போய்க்கொண்டிருந்தது. நாங்குநேரி சுங்கச்சாவடியில் பணம் கழிந்த சத்தம் போனில் வரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதம் அறுநூறு கிலோமீட்டருக்குள்தான் ஓட்டுகிறேன். பெட்ரோல், சாப்பாடு, டேட்டா, பராமரிப்பு எல்லாம் சேர்த்துச் சென்னையில் கொடுத்த வாடகையைவிடக் கொஞ்சம் கூட. மிச்சம் பிடிக்கலாம் என்று இறங்காதீர்கள். ஆதார், வங்கி, வாக்காளர் அட்டை எல்லாம் அக்கா வீட்டு முகவரி. அக்கா வீடு இல்லையென்றால் என் சாலை வாழ்க்கையே இல்லை. கூரியர் மட்டும் அந்தந்த ஊர் டீக்கடைக்கு வரும்.

அதிலிருந்துதான் புதுத் தொந்தரவு ஒன்று முளைத்தது. ஏழு இடத்துக்கும் மாதம் தவறாமல் போகிறவள் என்று தெரிந்துபோனதால் நான் எல்லாருக்கும் பார்சல் வண்டி. இதை எழுதும் இன்று வைகாசி கடைசி, தேரியிலிருந்து பண்பொழிக்குக் கிளம்ப வேண்டும். பலகைமேல் இருப்பவை: பண்பொழி வீட்டுக்கு எட்டுக் கிலோ கருப்பட்டி, ஓலைப் பெட்டியோடு. பாளையங்கோட்டை அக்காவுக்கு உவரிக் கருவாடு, மூன்று கவர் போட்டும் மணம் அடங்கவில்லை. விடிலி அக்கா மகள் கல்யாணப் பத்திரிகை நாற்பது; நாலு ஊரில் கொடுக்க வேண்டும், குங்குமம் தனியாக. கூந்தன்குளம் ஆச்சியின் மூட்டுவலித் தைலப் பாட்டில் காலி, அதே மாதிரி வாங்கி வர வேண்டும். படுக்கிற பாய் சுருட்டி மூலையில் நிற்கிறது.

இதெல்லாம் போதாதென்று, கீதாரி மகனின் போன் என் சார்ஜரிலேயே தங்கிவிட்டது. பங்குனியில் விட்டுவிட்டுப் போனது. கிடை இப்போது கங்கைகொண்டான் பக்கம் இருக்கிறது, போகிற வழியில் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். முன்சீட்டில் கிடந்த அந்தப் போன் சற்று முன் அடித்தது. எடுத்தேன்.

“எங்கனப்பா நிக்கிய? மானூர்ல வயல் காய்ஞ்சு கெடக்கு, ஆளக் காணோம்?”

அடுத்து மானூர் என்பது எனக்குத் தெரியும், கீதாரி சொல்லியிருந்தார். “சனிக்கிழம சாயந்தரம் கிடை வந்துரும் அண்ணாச்சி” என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. பெண்குரலை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

“நீங்களும் கிடையோட வாரியளா?”

“ஆமா அண்ணாச்சி. வண்டில வாரேன்.”

“சரி, வாங்க. வேப்பமரத்தடியில எடம் கெடக்கு, அங்கன நிறுத்திக்கிடுங்க.”